சாய்வும் நடுவுநிலைமையும்

பிழையே இல்லாத சான்றோன் ஒருவனை உலகம் ஓயாது தேடுகிறது. அவன் கிடைத்துவிட்டால் அவன் சொல்லையே உண்மையெனக் கொண்டு அமைதியுறலாம் என்பது பலர் எண்ணம். ஆனால், உண்மையை அடைவதற்குப் பிழையின்மைதான் வழியா? அன்றித் தன் பிழையின் அளவை அறிந்து, அதனை மறையாது உரைத்தல் போதுமா? இவ்வினாவை அறநூலார் மட்டுமன்று, காலத்தையும் இடத்தையும் அளப்போரும் எதிர்கொண்டனர்.

ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடற்கடிகாரம் 1761ஆம் ஆண்டு ஜமைக்காவுக்குச் சென்ற கப்பலில் சோதிக்கப்பட்டது. பின்வந்த மாலுமிகள் இத்தகைய கடிகாரங்களை நடுக்கடலில் திருத்தி வைப்பதில்லை. ஒரு நாளில் அது எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைக் குறித்து வைத்துக் கணக்கிற் கழித்துக்கொண்டனர். நாள்தோறும் தவறாமல் இரண்டு நொடி பிந்தும் கடிகாரம் அவர்களுக்கு நல்ல கடிகாரமே. இன்று முந்தி நாளை பிந்துவதுதான் தீய கடிகாரம். 1831இல் புறப்பட்ட பீகிள் என்னும் கப்பல் 22 கடற்கடிகாரங்களை ஏந்திச் சென்றது. ஒன்றன் தடுமாற்றத்தை மற்றவை காட்டிக் கொடுக்கும் அன்றோ?

இன்று அக்கடிகாரங்கள் விண்ணேறிவிட்டன. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களுடன் சுழல்கின்றன. அவை அனுப்பும் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு மண்ணில் உள்ள பெறுகருவி தன் இடத்தை அறிகிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால், அதில் ஒரு பங்கில் ஒளி 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அத்தனை சிறிய காலப் பிழையும் இடப் பிழையாக மாறுவதால், தரையிலுள்ள நிலையங்கள் ஒவ்வொரு கடிகாரத்தின் பிழையையும் கணித்துத் திருத்தமாக அறிவிக்கின்றன.

கடிகாரப் பிழையோடு இடர் தீர்வதில்லை. வெவ்வேறு அலைவரிசைகள் செயற்கைக்கோளின் மின்கருவிகளுக்குள் வெவ்வேறு அளவு தாமதமுறுகின்றன. இதனைச் சாய்வு எனலாம். தரையில் கேட்போர்க்குக் கடிகாரப் பிழையும் சாய்வும் கலந்த தொகையே கிடைக்கிறது. அதில் எவ்வளவு கடிகாரத்தைச் சேர்ந்தது, எவ்வளவு சாய்வைச் சேர்ந்தது என்பதைத் தனித்தறிய இயலாது. ஆதலின், ஒவ்வொரு கணிப்பு நிலையமும் ஒரு மரபை வகுத்துக்கொண்டு தொகையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு நிலையத்தின் கடிகாரத் திருத்தத்தையும் அதே நிலையத்தின் சாய்வையும் சேர்த்துக் கொண்டால் விடை சரியாகும். ஒன்றன் கடிகாரத்தோடு மற்றொன்றன் சாய்வைப் பொருத்தினால், தனித்தனியே பிழையற்ற இரண்டும் கூடிப் பிழையைத் தோற்றுவிக்கும்.

1994இல் தொடங்கிய அனைத்துலக ஜி.என்.எஸ்.எஸ். சேவை பல நிலையங்களின் கணிப்புகளை ஒன்றிணைத்து வருகிறது. 2013 முதல் உடனுக்குடன் திருத்தம் வழங்கும் பணியும் நடைபெறுகிறது. இணைத்தல் என்றவுடன் கூட்டிச் சராசரி காண்பதே என எண்ணிவிடல் ஆகாது. மிக நுண்ணிய அளவைக்கு அலைகளின் முழு எண்ணிக்கை தெரிய வேண்டும். ஜி.பி.எஸ். முதன்மை அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். ஒரு நிலையத்தின் கணக்கு ஏழு அலை என்றும் மற்றதன் கணக்கு எட்டு அலை என்றும் அமையலாம். அவற்றின் சராசரியாகிய ஏழரை இருவர்க்கும் உரியதன்று. முதலில் அனைவரையும் ஒரு பொது அடிப்படைக்குக் கொணர்ந்து, மரபால் வந்த வேறுபாட்டை நீக்கல் வேண்டும். அதன் பின்னரே நம்பகத்திற்கேற்ப எடை வகுத்து, விலகி நிற்பதைத் தள்ளி, எஞ்சியவற்றை இணைத்தல் தகும்.

இதனைக் கேட்போர், "பிரிப்பது மரபென்றால் உண்மையும் மரபுதானோ?" என ஐயுறலாம். அவ்வாறன்று. தொகையை எவ்வாறு பிரிப்பது என்பதே மனிதர் வகுத்த மரபு. தொகை எவ்வளவு என்பதை எவரும் வகுத்துவிட இயலாது. தொகை தவறினால் எல்லைக்கல் அயலான் நிலத்தில் விழும். கப்பல் பாறையில் மோதும். மரபுகள் பலவாயினும் அவை அனைத்தும் சென்று நிற்கும் நிலம் ஒன்றே.

பள்ளிக்கூடத்தில் இஃது அன்றாட அறமாகிறது. விடைத்தாள் திருத்துவோர் இருவருள் ஒருவர் ஐந்து மதிப்பெண் குறைத்தே இடுபவர்; மற்றவர் ஐந்து கூட்டியே இடுபவர். இருவரும் தத்தம் மாணவரைத் தரவரிசையில் சரியாகவே நிறுத்துவர். ஆயினும், சாய்வை நீக்காமல் இரு பட்டியலையும் ஒன்றாக்கினால், உதவிச் சம்பளத்திற்கு உரிய ஏழை மாணவன் ஒருவன் அதனை இழப்பான். அங்கே பொய்யுரைத்தவர் எவருமிலர். தீங்கு மட்டும் நிகழ்ந்துவிடும். அறிஞர் ஒருவரின் முடிவை எடுத்துக்கொண்டு, அம்முடிவுக்கு அடிப்படையான கருத்தை விட்டுவிட்டு, வேறொருவரின் அடிப்படையோடு அதனை ஒட்டவைக்கும் கட்டுரையும் இத்தகையதே.

திருத்தம் காலத்தோடு வருதலும் வேண்டும். செயற்கைக்கோள் திருத்தங்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்பப்படுகின்றன. நெடுநேரம் பிந்தியது ஓடும் ஊர்திக்கு உதவாது. பருவம் முடிந்தபின் மாணவன் கைக்கு வரும் திருத்திய கட்டுரையும் அவனுக்கு வழிகாட்டுவதில்லை.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நடுவுநிலைமை என்பது சாய்வே இல்லாத பிறவியாக இருப்பதன்று. அத்தகைய பிறவி அரிது. இருவர் கூற்றுக்கும் இடையே போய் நிற்பதுமன்று. ஏழரையில் உண்மை இல்லை. தன் சாய்வு இவ்வளவு என அளந்தறிதல், அதனைப் பிறர் அறிய உரைத்தல், பிறர் சாய்வையும் அறிந்தபின் அவர் சொல்லை எடைபோடுதல் ஆகிய மூன்றுமே நடுவுநிலைமை. தீர்ப்புக் கூறும் இடத்தில் அமர்ந்தோர் யாவரும், ஆசிரியர் உட்பட, முதலில் அளக்க வேண்டியது தம்மையே ஆகும்.