கல்லாற்று மழையில் ஒரு பழைய ஹெரால்டு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிற சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது கல்லாறு. கீழே உருளைக் கற்களுக்கிடையே ஓடும் ஆறு, சுற்றிலும் காடு, மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ஓட்டி மகிழ்வதற்கென்றே செய்யப்பட்ட காருக்கு ஏற்ற சாலை இது. ஆனால் அந்தக் காருக்கு வயதாகிவிட்டால், அதை வீட்டில் நிறுத்திப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ள இதைவிடச் சிரமமான ஊர் கிடைப்பது அரிது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஒரு மழைக்காலம். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் நடுவிலும் காற்றில் ஈரம் போவதில்லை. பழைய கார் ஓடித் தேய்வதைவிட ஈரத்தில் நின்று கெடுவதுதான் அதிகம். அந்த ஈரம் வண்டிக்குள் எங்கெங்கே புகுகிறது, புகுந்தபின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டுப் பராமரிப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் எந்தக் கார் என்று முடிவு செய்துகொள்வோம். இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரிலேயே செய்து விற்கப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணலாம். தொண்ணூறுகளின் இறுதியில், ஃபைபர் உடலும் ரெனோ இன்ஜினுமாக வந்த இரண்டு கதவு சான் ஸ்டார்ம் அவற்றில் ஒன்று. அதற்கு முந்தைய தலைமுறைக்கு, ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பைக் கொண்டிருந்த குடும்பக் கார் ஒன்று சென்னையிலேயே கிடைத்தது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அறுபதுகளில் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் அது. அதன் மூலம், பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு. இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1962-இல் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியபோது முன் சஸ்பென்ஷன், பின் அச்சு, இன்ஜின் குடும்பம் எல்லாவற்றையும் ஹெரால்டிலிருந்தே எடுத்துக்கொண்டது. நம் ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்கு 35 குதிரைத் திறன் அளவுதான். முதல் ஸ்பிட்ஃபயரின் 1147 சிசி இன்ஜினுக்கு 63. சோழவரம் ரேஸ்களில் ஹெரால்டுகள் ஓடின என்றால் அதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இது தோதான வண்டி. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. ஹெரால்டைச் செய்த பிரிட்டனின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்புக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. எனவே உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு ஆட்களிடம் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். மற்ற கார்கள் ஒற்றைக் கூட்டு உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது பழைய முறை. ஆனால் பெட்டிகளாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டிக்கொள்ள அது வசதியாக இருந்தது. சென்னையில் ஹெரால்டு உருவானதற்கு இதுவும் உதவியது. இன்று வீட்டு ஷெட்டில் ஸ்பானரோடு நிற்பவருக்கும் அதே வசதிதான். முன்பக்கத் தகரம் முழுவதும் பானெட்டாக முன்னோக்கிச் சாய்ந்துவிடும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் கையாலேயே தொடலாம்.

வேலைக்கு இறங்குமுன் ஓர் எச்சரிக்கை. திருவனந்தபுரம் வட்டாரத்தில் எந்த வீட்டு ஓரத்திலும் சிவந்த வெட்டுக்கல் நாலைந்து கிடக்கும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அதை முட்டுக் கொடுக்கவே கூடாது. ஈரத்தில் ஊறிய வெட்டுக்கல் பாரம் தாங்காமல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஹாலோ பிளாக்கும் அப்படித்தான், சொல்லாமல் உடையும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்கிவிட்டு மற்றதைப் பேசலாம்.

இனி ஈரம் புகும் வழிகளை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளியடுக்கு தகரமும் சேஸிஸும். ஹெரால்டின் சேஸிஸிலிருந்து இருபுறமும் குறுக்குக் கைகள் நீண்டு உடலைத் தாங்குகின்றன. அவை உள்ளே வெற்றிடமான பெட்டிகள். சக்கரம் வாரியடிக்கும் சேறு அவற்றில் புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகரம் காகிதமாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பட்டி போட்டு மூடிய இடங்களைக் கண்டுபிடிக்கச் சின்னக் காந்தம் போதும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையே பாரம் தாங்கும் உறுப்பு, அதனால் அது அரித்தால் வண்டியே வளையும். ஹெரால்டில் அந்தப் பட்டை வெறும் மூடிதான், அரித்தால் கழற்றி மாற்றிவிடலாம். குறுக்குக் கைகள் அரித்துப்போனால் வெல்டிங் தெரிந்தவரிடம் விடத்தான் வேண்டும்.

நிறுத்தி வைக்கும் முறையும் இதில் சேர்த்தி. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் மழை படாது. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வண்டி வியர்த்தபடியே இருக்கும். நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி கூரை மட்டும் போட்ட ஷெட்டே நல்லது. காட்டை ஒட்டிய ஊர் என்பதால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகளில் இலை அடைந்துகொள்ளும். அங்கே தேங்கும் நீர் நேரே காலடித் தரைக்கு இறங்கும். வாரம் ஒருமுறை அந்த இலைகளை அள்ளிப் போடுவது ஒரு ரூபாய் செலவில்லாத துருத் தடுப்பு.

அடுத்த அடுக்கு திரவங்கள். இவற்றில் உயிருக்கு உலை வைப்பது பிரேக் ஆயில். கிளைகால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால், தர அளவுப்படியே அது 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. பொன்முடியிலிருந்து 22 வளைவும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது டிரம் பழுக்கக் காய்ந்து, சூடு வீல் சிலிண்டருக்கு ஏறும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. 948 சிசி ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றிக் காற்றெடுப்பதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் இங்கே தவிர்க்க முடியாதவை. டிரம்மைத் திறக்கும்போது பழைய லைனிங் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரஸரால் அடிக்கவோ கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ரேடியேட்டரில் கதை வேறு. அங்கே நீர் வேலைக்காரன்தான், ஆனால் வெறும் நீராக இருந்தால் வார்ப்பிரும்பு இன்ஜினை உள்ளிருந்தே துருவாக்கும். குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ ஊற்றிப் பழகியவர்கள் ரேடியேட்டர் அடியில் செம்மண் கரைசல் மாதிரி ஒன்று வடிவதைப் பார்த்திருப்பார்கள். அது மண்ணல்ல, இன்ஜின் பிளாக். துருத்தடுப்பு கலந்த கூலன்ட்டும் நல்ல அழுத்த மூடியும் போட்டால் இந்தத் தொல்லை குறையும். மூடி ஏன் முக்கியம் என்றால், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தமே கொதிநிலையை மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருந்தால், ஏற்றத்தின் பாதியிலேயே வண்டி ஆவி விடும். அப்படி விட்டால் சூடு தணியுமுன் மூடியைத் திறக்காதீர்கள்.

பெட்ரோலிலும் ஈரம் வந்துவிட்டது. 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் பரவிய 20 சதவீத எத்தனால் கலப்பு, இந்த வண்டி பிறந்தபோது யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று. எத்தனால் நீரை உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து தங்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அது இளக்கியும்விடும். முதலில் கெடுவது பெட்ரோல் பம்பின் டயஃப்ரம். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பம்பைக் கழற்றுங்கள். எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு மாறிவிட்டு, மழைக்காலத்தில் டேங்க்கை நிறைத்து வைப்பது நல்லது. டேங்கில் காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

மூன்றாவது அடுக்கு, ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் வைத்திருப்பவர்கள் இரவில் நினைத்துப் புரள்கிற இடம்: முன் சக்கரத்தின் டிரனியன். பெரும்பாலான கார்களில் முன் சக்கரம் மேலும் கீழும் பால் ஜாயின்ட்டில் திரும்பும். ட்ரையம்பில் மேலே பால் ஜாயின்ட், கீழே வேறு ஏற்பாடு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பத்தின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் முறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். லோட்டஸின் எலான் காரும் ட்ரையம்பின் இந்த ஏற்பாட்டைத்தான் கடன் வாங்கியது.

இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலையே வினையாகிறது. எதைக் கண்டாலும் கிரீஸ் கன்னால் அடிப்பது நம் ஒர்க்‌ஷாப் பழக்கம். டிரனியனுக்கு வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக நாளாக இறுகி, நடுவில் தக்கையாக நின்றுவிடும். அதற்குக் கீழே ஓடைகளைக் கடக்கும்போது ஏறும் நீர் தங்கும். நீர் எஃகு மரையின் பள்ளத்தில் நுண்ணிய குழிகளை அரிக்கும். அந்தக் குழியில் விரிசல் பிறக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கையில், கம்பம் முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லும் இடம் என்பதை நினைவில் வையுங்கள்.

மருந்து எளிது. டிரனியனின் திருகைக் கழற்றி நிப்பிள் மாட்டி, ஆயில் நிரப்பிய கன்னால் மேலே உள்ள சீல் வழியாக ஆயில் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். முதலில் வருவது கறுப்பாகவோ துரு நிறத்திலோ இருந்தால் தெளிவாகும்வரை விடக்கூடாது. இடவப்பாதிக்கு முன் ஒருமுறை, துலாவர்ஷத்துக்கு முன் ஒருமுறை செய்தால் போதுமான காவல். புதிதாக வாங்கிய வண்டி என்றால் கம்பத்தைக் கழற்றி மரையைக் கண்ணால் பார்த்துவிடுவதே உத்தமம். ஒரு பக்கத்தது வலமரை, மறுபக்கத்தது இடமரை. மாற்றி மாட்ட முயலக் கூடாது. இந்த உறுப்புகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயரை விடாமல் பிடித்திருக்கும் பிரிட்டன் ரசிகர்களின் புண்ணியத்தில் சென்னை ஹெரால்டும் பிழைத்துக்கொள்கிறது.

பின் அச்சில் ஈரத்தைவிடப் பழக்கதோஷமே பகை. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒரே குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்கி, தனித்தனியே ஊசலாடும் அரை அச்சுகளில் நிற்கின்றன. வண்டியின் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்வாங்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் தூக்கும். வெளிச் சக்கரம் மடங்கி வால் சுழலும். பட்டை தளர்ந்துவிட்டது என்று கொண்டுபோனால், லாரிக்குச் செய்கிற மாதிரி வளைவு ஏற்றி அடித்துத் தருவார்கள். மற்ற வண்டிக்கு அது பலம், இதற்கு ஆபத்து. பழைய உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூட ஏற்றவிடக் கூடாது. இந்திய மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை. எழுபதுகளில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் சாதாரண அச்சுக்கு மாறியது அதனால்தான். ஸ்பிட்ஃபயரில் 1970-இன் இறுதியில் வந்த மார்க் 4-இல் ஸ்பிரிங் அமைப்பையே திருத்தினார்கள்.

மீதி இருப்பது ஓட்டுவது. வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது பலர் வழக்கம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகாவிட்டால் அது ஆயிலிலும் சைலன்சரிலும் குளிர்ந்து நீராகவே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக நுரை படிந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது அப்புறம். விதுரா வரை போய்த் திரும்புவது போதாது. நெடுமங்காடு வரை விட்டுப் பிடித்தால் ஆயில் காயும், டைனமோ பேட்டரியை நிரப்பும், பிரேக் பிஸ்டன்கள் நகரும். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 வயது கடந்த வண்டியை விஏ எழுத்தோடு விண்டேஜாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமாகச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கே எடுக்கலாம். வண்டியை ஓட்டியே காப்பாற்ற நினைப்பவர் பழைய பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே பொருத்தம்.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பது இதிலிருந்தே தெளிவாகும். முதலில் பிரேக்கும் டிரனியனும். அடுத்தது சேஸிஸின் குறுக்குக் கைகள். பிறகு பெட்ரோல் குழாய்கள், ரேடியேட்டர். புகை தள்ளாதவரை இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். பெயின்ட் கடைசி. முதலிலேயே பெயின்ட் அடித்துவிட்டால் அந்த வண்டியை மழையில் எடுக்க யாருக்கும் மனம் வராது. கல்லாற்றில் மழைக்குப் பயந்து எடுக்காத வண்டி ஆண்டில் பாதி நாள் நின்றே இருக்கும்.