ஏறாத போதை யாருக்குப் பெருமை?



புதுவையில் மதுவிலக்கு இல்லை. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் உரிமம் பெற்றே நடக்கின்றன. நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் வாழும் நம் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது: "அவன் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறமாட்டான், அவனுக்கு ஏறவே ஏறாது." இதை ஒரு பலமாகவே எண்ணுகிறோம். இது பலந்தானா?

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளான தகப்பன்மாரின் மகன்களை அவர்களுடைய இளம் வயதில் சோதித்தார். அளவாக மது கொடுத்து, போதையை எவ்வளவு உணர்கிறார்கள் என்று பார்த்தார். அதன் முடிவு 1994-இல் வெளியானது. சுமார் 10 ஆண்டுகளில், போதையைக் குறைவாக உணர்ந்தவர்களில் 100-க்கு 56 பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். மிகுதியாக உணர்ந்தவர்களில் 14 பேரே ஆளாகினர். பின்னர் ஓர் எளிய வினாத்தாளும் அமைத்தார். குடிக்கத் தொடங்கிய காலத்தில் போதை தெரிய எத்தனை கிளாஸ் ஆயிற்று, கால் தள்ளாட எத்தனை ஆயிற்று என்பவை அதன் கேள்விகள். அவரவர் வாயால் சொல்லும் பதிலே வரப்போகும் ஆபத்துக்கு அடையாளமாயிற்று.

காரணம் எளிது. தலைசுற்றலும் குமட்டலும் உடம்பு வைத்திருக்கும் காவல். காவல் குரல் கொடுத்தால் மனிதன் நிறுத்துகிறான். குரல் கொடுக்காதவன் அதே மயக்கத்தைத் தேடி இன்னும் ஊற்றுகிறான். ஈரலோ அவன் உணர்ந்ததைக் கணக்கு வைப்பதில்லை. குடித்ததையே கணக்கு வைக்கிறது.

"பிறவியிலேயே வந்த இயல்புக்கு அவன்மேல் குற்றம் சொல்லலாமா?" என்று கேட்கலாம். இயல்பு குற்றமில்லை, தலைவிதியும் இல்லை. அந்த 100 பேரில் 44 பேர் விழவில்லையே! ஆனால் ஆபத்தைப் பெருமையென்று எண்ணச் செய்வது மாயை. கலி மனத்துக்குள் மாயையாய் நின்று ஆளுகிறது என்பதல்லவா நாம் அறிந்த உண்மை? பிறர் புகழும் இடத்தில் அது இன்னும் எளிதாக நுழைகிறது. "நன்றாகத் தாங்குகிறான்" என்று மெச்சும் நண்பனுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு.

நம் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன்முன் நிற்பவன் தன்னையே காண்கிறான். "எனக்கு ஏறாது" என்பவன் அங்கே நின்று, "அப்படியானால் என் காவல் எங்கே?" என்று தன்னைக் கேட்கட்டும். உடம்பு காவாத இடத்தில் அறிவே காக்க வேண்டும். அவன் முதல் கிளாஸையே மறுப்பதுதான் வைராக்கியம். தகப்பன் குடித்து அழிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இளமையிலேயே அன்போடு சொல்லி வளர்ப்பது நம் தர்மம்.

அய்யா உண்டு!