‘பார்த்துப் போ’ என்றால் போதுமா?

முகூர்த்த நாள்களில் சங்கரன்கோவில் மண்டபங்கள் நிறைந்து வழியும். விசைத்தறிக்கு விடுப்பு விட்டு உறவினர் வருவர். கழுகுமலை, புளியங்குடி, இராஜபாளையம் பக்கமிருந்தெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும். மாலையில் பந்தி முடிந்தபின் நண்பர் குழாம் ஒன்று மண்டபத்தின் பின்புறம் ஒதுங்கும். அங்கே நடப்பது எல்லாருக்கும் தெரியும். எவரும் அதைப் பேசுவதில்லை. இரவு பத்து மணிக்குக் கால் தடுமாறியபடி ஓர் இளைஞர் வண்டியைக் கிளப்புகிறார். வாசலில் நிற்கும் நாம் அன்போடுதான் சொல்கிறோம்: “பார்த்துப் போ, தம்பி!”

இச்சொல்லை நாம் சற்றே எண்ணிப் பார்த்ததுண்டா? பார்க்கும் திறனையே மங்கவைத்துக்கொண்டவரிடம் பார்த்துப் போகுமாறு பணிக்கிறோம். நம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ள இச்சொல் உதவலாம். அவர் உயிரையோ, எதிரே வருபவர் உயிரையோ காக்க உதவாது. பிலாத்துவின் தண்ணீர்ப் பாத்திரத்தில் நாமும் கை நனைக்கிறோம் அல்லவா?

மது கைகால்களைத் தள்ளாடச் செய்யுமுன்பே, ஆய்ந்து முடிவெடுக்கும் அறிவைத் தளரச் செய்கிறது. “நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்று அருந்தியவர் கூறுவது பெரும்பாலும் பொய்யன்று. தம் நிலையை அளக்கும் அளவுகோலையே அவர் இழந்துவிட்டார். மோரும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் போதையைப் போக்கா. நேரம் ஒன்றே போக்கும். குடிபோதையில் குற்றம் செய்தவருக்கு இருமடங்கு தண்டனை விதித்த பழைய சட்டத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டி, குடியாதிருப்பது அவர் கையில்தானே இருந்தது என்று காரணம் காட்டுகிறார். குற்றத்தின் வேர் தெளிந்திருந்த வேளையிலேயே ஊன்றப்படுகிறது. ஆகவே, வண்டியை யார் ஓட்டுவது என்ற முடிவும் முதல் குவளைக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு வழக்கம் உருவாயிற்று. கூடிச் செல்லும் நண்பருள் ஒருவர் அன்று மதுவைத் தொடுவதில்லை என்று முன்னரே ஏற்று, மற்றவரை வீடு சேர்ப்பார். 1988இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சார்ந்த ஜே வின்ஸ்டன், தொலைக்காட்சித் தொடர்களின் வழியாக இவ்வழக்கத்தைப் பரப்ப முயன்றார். பெல்ஜியத்தில் 1995 முதல் இத்தகையவரை ‘பாப்’ என்ற செல்லப்பெயரால் அழைக்கின்றனர்.

இது குடிக்கு உரிமம் கொடுப்பதாகாதா என நம்மிற் பலர் கேட்பர். நியாயமான கேள்வியே. குடியினால் சிதையும் குடும்பங்களை அறிந்த எவரும் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரவுப் பணி முடிந்து மிதிவண்டியில் வரும் தறித் தொழிலாளி, நம் உறவினர் திருந்தும் நாள்வரை காத்திருக்க இயலுமா? குடியிலிருந்து ஒருவரை மீட்பது நீண்ட பணி. இன்றிரவு ஓர் உயிரைக் காப்பது உடனடிக் கடமை. முன்னதைச் சொல்லிப் பின்னதைக் கைவிடுவது அறமாகாது.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் வண்டி ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்குற்றத்திற்கான அபராதத்தைப் பத்தாயிரம் ரூபாயாக்கியது; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உடந்தையாயிருப்பவரையும் அச்சட்டம் விடுவதில்லை. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவரின் வண்டியில் உடன் செல்பவருக்கும் அபராதம் விதிக்கத் தொடங்கியது. என் சகோதரனுக்கு நான் காவலாளியா என்னும் காயினின் கேள்விக்குச் சட்டமே விடை தந்துவிட்டது எனலாம்.

திருச்சபையின் குரலும் தெளிவானது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, குடிபோதையால் சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஊறு தேடுவதைக் கனமான குற்றமென்கிறது (எண் 2290). 2007இல் திருப்பீடம் வெளியிட்ட, சாலைப் பயணிகளுக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டுதலில் ஓட்டுநருக்குப் பத்துக் கட்டளைகள் உள்ளன. ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருப்பவரை ஓட்டவேண்டாமென அன்புடன் இணங்கவைப்பது அவற்றுள் ஒன்று.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. காரில் ஒருவர் நால்வரை அழைத்துச் செல்லலாம். இருசக்கர வண்டியிலோ ஒருவரைத்தான் ஏற்றலாம். எனவே விருந்து தருபவரே முன்வர வேண்டும். சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் செலவிடுவோர், இரவில் உறவினரைக் கொண்டுசேர்க்க ஒரு வேனுக்கும் செலவிடலாம். சாவிகளை வாங்கி வைக்கும் பொறுப்பை, மறுக்க முடியாத ஒரு பெரியவரிடம் ஒப்படைக்கலாம். தங்கிச் செல்லப் பாய் விரித்துக் கொடுக்கலாம். ‘குறைவாகக் குடித்தவர் ஓட்டட்டும்’ என்ற ஏற்பாடு மட்டும் கூடாது. ஓட்டுபவர் ஒரு துளியும் தொடாதவராயிருக்க வேண்டும்.

சாவியைக் கேட்டால் அவர் கோபிப்பார், “என்னை நம்பவில்லையா, மாமா?” என்று உறவு முறிந்ததுபோற் பேசுவார். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் பிறரன்பே. அடுத்த திருமண வீட்டில் ‘பார்த்துப் போ’ என்னும் சொல் நம் நாவில் எழும்போது, அதை விழுங்கிவிட்டுக் கையை நீட்டுவோம்: “சாவியைக் கொடு, தம்பி. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.”