கட்டணம் செலுத்தினால் கடமை தீர்ந்ததா?

"குப்பை அள்ளுவதற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம், அதற்கு மேல் நமக்கென்ன பொறுப்பு?" என்று கேட்போர் நம்மிடையே உளர். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் கேள்வி நியாயமாகவே தோன்றும். மின்சார, தண்ணீர்ப் பட்டியலோடு சேர்ந்து வரும் அக்கட்டணத்தை நாம் தவறாது செலுத்தத்தான் செய்கிறோம். ஆயினும், பணம் கொடுத்த மாத்திரத்தில் கடமையும் தீர்ந்துவிடுகிறதா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

வியாபாரிகளாகிய நமக்கு இதற்கு விடை தெரியாததன்று. லாரிக் கூலியைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக எண்ணெய் டின்னைச் சரியாக மூடாமல் ஏற்றி அனுப்புவோமா? அது வழியில் ஒழுகி, வேறொருவரின் துணிக்கட்டு பாழானால், "கூலி கொடுத்தாயிற்று" என்ற பேச்சு எடுபடுமா? கூலி, சுமப்பவரின் உழைப்புக்கு; ஒழுங்காகக் கட்டி அனுப்புவது நம் பொறுப்பு.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மிஞ்சிய சோறும் குழம்பும், வாய் கட்டாத பையில் குப்பைக் குழாய்க்குள் போடப்படுகின்றன. பை பாதி வழியில் பிரிகிறது. கழிவு குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. கரப்பானும் எலியும் பெருகுகின்றன. துர்நாற்றம், போட்டவரின் வீட்டை மட்டும் தேடிப் போவதில்லை. மேல்மாடியில் இருப்பவரும் கீழ்மாடியில் இருப்பவரும் சேர்ந்தே அனுபவிக்கின்றனர். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நிறையக் கேட்டு வளர்ந்த நாம், இதை அற்பமாக எண்ணலாகாது.

மறுசுழற்சிக்கென வைக்கப்பட்டுள்ள நீலத் தொட்டியின் கதியும் இதுவே. அதில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவும் திரவமும் கலந்தோ, போடத்தகாத பொருள்களாலோ கெட்டுப்போகிறது. மூட்டையில் ஒரு வெங்காயம் அழுகினால் மற்றவையும் கெடும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் வீசிய உணவுப் பொட்டலம், பத்துப் பேர் கழுவிப் போட்ட காகிதத்தையும் புட்டியையும் வீணாக்கிவிடுகிறது.

2023ஆம் ஆண்டில் இந்நாட்டில் சேர்ந்த உணவுக் கழிவு சுமார் 755,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடே. எஞ்சியதெல்லாம் எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது. இந்நாட்டுக்கு வேறு குப்பை நிலம் கிடையாது. ஆகவே, வீட்டு வாசலைத் தாண்டியதும் குப்பை மறைந்து விடுவதில்லை. நம் கண்ணுக்குத்தான் மறைகிறது.

"பொதுத் தொட்டிதானே, யார் போட்டதென்று யாருக்குத் தெரியும்?" என்பர் சிலர். இதுவே ஆராயவேண்டிய இடம். வாங்க வந்தவர் வேறுபக்கம் பார்த்திருக்கும்போதும் தராசைச் சரியாகப் பிடிப்பவரையே நாணயமான வியாபாரி என்கிறோம். மனிதர் காணாவிடினும் காண்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை, கடையில் மட்டும் இருந்து வீட்டில் இல்லாமற் போகலாமா?

சகோதரர்களே! செய்யவேண்டியது பெரிதன்று. வீட்டிலும் விருந்திலும் அளவறிந்து சமைப்போம். வீண்விரயம் நமக்குத் தகாது. மிஞ்சியதைக் கெடுமுன் பகிர்வோம். எஞ்சும் கழிவை நீர் வடித்து, பையின் வாயை இறுகக் கட்டிப் போடுவோம். நீலத் தொட்டிக்குரியதைக் கழுவிய பின்பே சேர்ப்போம். குப்பை அள்ளும் தொழிலாளியும் நம்மைப் போல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுபவரே. அவர் கைக்குப் போகும் பை, நம் கடையிலிருந்து போகும் பொட்டலத்தைப் போல ஒழுங்காக இருக்கட்டும்.