எந்தக் காலேஜ் சார் நல்ல காலேஜ்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டில்கூட பத்திரிகைக்காரனை விடமாட்டார்கள். "பொண்ணு லா படிக்கணும்ங்கறா சார். ரெண்டு யுனிவர்சிட்டியில கூப்பிடறாங்க. எதுல சேர்க்கலாம்?"

நீங்களே அந்த அப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் அனுப்பம்பட்டு. கும்மிடிப்பூண்டி எலெக்ட்ரிக் ட்ரெயினில் மீஞ்சூரைத் தாண்டினால் வரும் ஸ்டேஷன். பிழைப்பு பழவேற்காடு ஏரியை நம்பி. மீன் கிடைத்தால் காசு, கிடைக்காவிட்டால் கடன். உங்கள் மாவட்டத்திலேயே, பட்டறைப்பெரும்புதூரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மார்க் கொஞ்சம் இடித்துவிட்டது, இடமில்லை. மிச்சம் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள். காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி. என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் சென்னைக்குத் தெற்கே, நீங்கள் வடக்கே. தினம் போய்வந்து படிக்கிற கதை நடக்காது. ஹாஸ்டல்தான்.

இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். இரண்டிலும் பளபளப்பான கட்டடம், இரண்டிலும் மாதிரி நீதிமன்றம், இரண்டிலும் கோட் போட்ட பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல வாத்தியார், நல்ல நூலகம், பெரிய வக்கீல் ஆபீஸில் பயிற்சிக்கு வழி... இதெல்லாம் ஒரு பிள்ளையைத் தூக்கிவிடும். ஆனால் பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், அதற்கப்புறம் எங்கே படித்தாலும் எழுதுவது ஒரே அகில இந்திய பார் தேர்வு, போடுவது ஒரே கறுப்பு கவுன். பதிவுக் கட்டணமாக பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசலில் 750. வாசல்வரை போய்ச்சேரத்தான் லட்சங்கள்!

நான் பி.காம். எதைக் கண்டாலும் பற்று, வரவு என்று நடுவில் கோடு கிழிக்கிற புத்தி. கொஞ்சம் கிழித்துப் பார்ப்போமா?

உதாரணத்துக்கு 10 லட்சம் கல்விக் கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக சொத்து ஜாமீன் கேட்கும், அது தனிக் கவலை. 10 சதவிகித வட்டி, 10 வருஷத் தவணை என்றால் மாதம் 13,215 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. இப்போது வரவு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தரவேண்டும் என்றது. எல்லா சீனியரும் தருகிறார் என்றே நம்புவோம் (நம்புவதற்குக் காசா, பணமா?). உங்கள் பெண் பொன்னேரி கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்தால், தவணை போக மிச்சம் 1,785 ரூபாய். டீச் செலவு, ட்ரெயின் பாஸ், ஒரு ஜோடி செருப்பு.

கணக்கு இங்கே முடிந்துவிடும். விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

காந்தியவாதி ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ம் தேதி தீர்ப்பு. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றார்கள். உங்கள் ஏரிக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தது, யாரோ சிலர் வருஷக்கணக்கில் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்ததால்தான். அந்த மாதிரி வழக்கில் தவணை கட்டுகிற அளவுக்கு ஃபீஸ் வராது. மாசம் 13,215 கட்டவேண்டிய பெண் அந்தக் கட்டைத் தொடமாட்டாள். தொட முடியாது.

"அப்ப மீனவன் பொண்ணு மீனவன் கேஸைத்தான் நடத்தணுமா?" என்று நீங்கள் கோபப்பட்டால், நியாயம். அடையாறு பெண்ணிடம் யாரும் ஊருக்குத் திரும்பி சேவை செய் என்று சொல்வதில்லையே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல் பாடம்? உங்கள் பெண் மும்பையில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கை நிறைய சம்பாதித்தால் எனக்கு சந்தோஷம்தான். நான் கேட்பது வேறு. மும்பையா, பொன்னேரியா என்று 23 வயதில் அவள் யோசித்து முடிவு செய்யவேண்டும். பெரிய கடன், அவளுக்கு 18 வயது ஆகும்போதே அந்த முடிவை எடுத்து வைத்துவிடுகிறது. அவளைக் கேட்காமலே.

அதனால் என் வோட்டு, இரண்டில் கடன் குறைவாக வாங்கவைக்கிற இடத்துக்கு. கையேட்டில் அது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் சரி. ஒரு வருஷம் பொறுத்து, அரசுக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிப்பதையும் அவமானமாக நினைக்காதீர்கள்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஐந்து வருஷத்துக்குமான மொத்தக் கட்டணத்தை, ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து, எழுத்தில் கேளுங்கள். முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக்குப் போகுமுன் அந்தத் தாளைப் பெண்ணிடம் கொடுத்து, அவளையே கூட்டிப்போடச் சொல்லுங்கள். கடன் பத்திரத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. நீங்கள் கூடச் சேர்ந்து போடுகிறவர்தான்.