அடியாத நாய் படியாதா?

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் எங்கள் தெருவில் விடிந்ததும் தறிகள் ஓடத் தொடங்கிவிடும். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது சத்தமாகவே தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவே நாய்க்கு நம் குரல் கேட்காது. அதனால் என் நாய் மணிக்கு எல்லாவற்றையும் கையாலேயே சொல்லிக் கொடுத்தேன். உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும், கையைத் தாழ்த்தினால் படுக்க வேண்டும், விரலை முன்னால் நீட்டினால் ஓட வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஆறு மூங்கில் குச்சிகளை வரிசையாக நட்டேன். செங்கல் அடுக்கி மேலே ஒரு கம்பு வைத்தேன். வேப்பமரத்தில் பழைய டயர் ஒன்றைக் கட்டினேன். தினமும் கால் மணி நேரம். கூலி, வேகவைத்த கோழி ஈரல். மணி தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. எலும்பு முற்றும்வரை உயரத் தாண்டவிடக் கூடாது என்பதால் முதல் ஒன்றரை வருடம் கம்பு தரையில்தான் கிடந்தது.

பக்கத்துப் பட்டறை மாமா ஒரு வாரம் வேலியோரம் நின்று பார்த்தார். அவர் நாய் நூல் மூட்டைகளுக்குக் காவலாக மூன்று முழச் சங்கிலியில் கிடக்கும். எட்டாம் நாள் சொன்னார்: "ஏம் மாப்ள, ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிக் குடுத்தா அதுக்குக் கொழம்பிப் போயிரும். மொதல்ல அடங்கோணும். அடங்குன பொறவு ஓட உடு. பாவு ஓட்டாம ஊடை போட முடியுமா? அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

தறிக்காரர் வாயிலிருந்து வந்த உவமை என்பதால் உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. பாவு நூலுக்குப் பயம் இல்லை. தன்னை இழுத்துக் கட்டியவன் யார் என்ற நினைவும் அதற்கு இல்லை. நாய்க்கு இரண்டும் உண்டு.

கீழ்ப்படிதலும் சுறுசுறுப்பும் தனித்தனிப் பாடம் என்பதே தவறு. 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, இடைவேளை வேடிக்கையாக ஆரம்பித்தது 'அஜிலிட்டி' என்கிற தடை ஓட்டம். ஓடுவதும் தாண்டுவதும்தான் அதன் கவர்ச்சி. ஆனால் தொடக்கக் கோட்டில் அசையாமல் நிற்காத நாயை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காக ஓட முடியாது. சாய்பலகையிலிருந்து இறங்கும்போது மஞ்சள் வண்ணம் பூசிய இடத்தில் கால் படாமல் குதித்தால் குற்றம். சில அமெரிக்கப் போட்டிகளில் மேசைமேல் ஏறி ஐந்து நொடி நிற்கவும் வேண்டும். உச்ச வேகத்துக்கு நடுவே ஒரு நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து மறுபடி வேகம். ஏற்காடு கோடை விழாவில் போலீஸ் நாய்களைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். உட்கார்ந்த நாய்தான் அடுத்த கணம் பாய்கிறது. அடித்து உட்கார வைத்த நாயிடம் அந்தப் பாய்ச்சலை வாங்கிப் பாருங்கள், வராது.

ஏன் வராது என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களைக் கட்டிவைத்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்து நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும் நடுவில் ஒரு தடுப்பு வைத்த பெட்டிக்குள் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துக்கொண்டு முனகின. தாண்ட முடியும் என்பதை அவற்றுக்குத் திரும்பப் புரியவைக்க, கழுத்தில் கயிறு கட்டித் திரும்பத் திரும்ப அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்தச் சோதனையே கொடுமைதான். அதைச் சொல்லாமல் அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மை ஆகாது. ஆனால் அந்த நாய்கள் பட்ட பாட்டிலிருந்து தெரிந்ததைத் தெரியாததுபோல நடிப்பது அதைவிடப் பெரிய அநியாயம். 2016இல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஓய்ந்து கிடப்பது கற்றுக்கொண்ட பாடம் அல்ல, அது உடம்பின் இயல்பு. 'என் செயலால் ஒன்று மாறும்' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். தாங்கள் சொன்னதே தவறு என்று ஐம்பது வருடம் கழித்து எழுதிய அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அறிவியல்மேல் மரியாதை.

அந்தப் பெட்டியில் முனகிக் கிடந்த நாயை வெளியிலிருந்து பார்ப்பவர் என்ன சொல்வார்? "நல்ல அடக்கமான நாய்" என்றுதான் சொல்வார்.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. நாம் அடக்கம் என்று பாராட்டுவதில் எவ்வளவு உண்மையான அடக்கம், எவ்வளவு செத்துப்போன மனசு? பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிந்தது. இருந்தும், முன்பணம் வாங்கிவிட்டு வேறு பட்டறைக்குப் போக முடியாமல் தறியோடு கிடக்கும் ஆளை "வாய் பேசாத தங்கமான பையன்" என்கிறோம். பேசாத மருமகளுக்கும் அதே பாராட்டு. மனிதனை நாயோடு ஒப்பிடலாமா என்று கோபப்படுகிறவர்கள், பேசாமல் கிடப்பதை மனிதனுக்குரிய நற்குணம் என்று வைத்தது யார் என்று முதலில் யோசிக்கட்டும். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். சுயமரியாதை என்ற சொல்லை இந்த மண் அவ்வளவு காலமாகக் கேட்கிறது. வீட்டுக்குள் முதல் பாடம் மட்டும் இன்னும் "எதிர்த்துப் பேசாதே" என்பதாகவே இருக்கிறது.

இதற்குத் துணையாகக் கர்மமும் வந்துவிடும். தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறவர் வீட்டிலும் நாய் சங்கிலியில்தான். கேட்டால், "நாய்ப் பிறவி, போன ஜென்மத்துப் பாவம்" என்பார். அந்தச் சங்கிலி போன ஜென்மத்திலிருந்து வரவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிவந்தது.

நானும் இதற்கு வெளியே நிற்பவன் இல்லை. கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றிருந்த ஒரு காலை. செங்கல்மேல் வைத்த பழைய பலகையில் ஏறும்படி மணிக்கு விரல் நீட்டினேன். ஏறவில்லை. மறுபடி நீட்டினேன். முன்னங்காலை வைத்து எடுத்துக்கொண்டது. மூன்றாம் முறை எனக்கு ஆத்திரம் வந்து கை ஓங்கிவிட்டேன். "ஒண்ணு வெச்சாத்தான் மாப்ள கேக்கும்" என்றார் மாமா. ஓங்கிய கையோடு நானே பலகையில் காலை வைத்தேன். நடுவில் விரிசல் விட்டு அமுங்கியது. அடிப்பக்கம் முழுக்கக் கரையான்.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களுக்கு இப்படி மறுப்பதைத் தெரிந்தே கற்பிக்கிறார்கள். எஜமானர் "போ" என்றாலும் எதிரே வண்டி வந்தால் அந்த நாய் அசையக் கூடாது. அவர் உயிர் அந்த மறுப்பில்தான் இருக்கிறது. மறுத்தால் அடி விழும் என்று பயந்த நாயை நம்பி யாரும் சாலையைக் கடக்க முடியாது.

பலகை அமுங்கியதைப் பார்த்த மாமா ஒன்றும் பேசவில்லை. பலகையைப் புரட்டிப் பார்த்தார். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பற்றி அப்போது சொன்னேன்: எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை ஓடியாட விடாமலிருப்பதும் அதில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வேலிக்கதவைச் சாத்திவிட்டுத் தன் நாயின் சங்கிலியை அவரே கழற்றினார். நாய் எழுந்தது, உடம்பை உதறியது, நடந்தது. மூன்று முழம் வந்ததும் நின்றுவிட்டது. கழுத்தில் ஒன்றும் இல்லை. தரையில் வருடக்கணக்காக அது நடந்து நடந்து தேய்ந்த வட்டம் மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்தது.

"ஏன் மாப்ள நிக்கிது?" என்றார் மாமா.

நான் ஈரல் துண்டு ஒன்றை வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைத்தேன். அவர் தறியை நிறுத்தச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு வந்து, அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.