இன்னைக்கு யார் முறை?

கடலில் சாதி இல்லை என்று சொல்லிக்கொள்வது சுலபம். படகு கவிழப்போகும்போது பக்கத்தில் இருப்பவன் யாரென்று எவனும் விசாரிப்பதில்லை. ஆனால் உயிர்ப்பயத்தில் வருகிற சமத்துவம், பயம் தெளிந்த பிறகும் நிற்குமா?

பிரான்சின் பிரிட்டனி கரைக்கு எதிரே கிளெனான் என்றொரு தீவுக்கூட்டம். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ரகசியப் பத்திரிகை நடத்திய பிலிப் வியனேயும் அவர் துணைவி எலேனும் 1947இல் அங்கே ஒரு முகாம் தொடங்கினார்கள். போரில் நொந்துபோன இளைஞர்கள் உடம்பும் மனசும் தேறுவதற்கான இடம். அது பாய்மரப் படகுப் பள்ளியாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. காலையில் காற்றும் ஓதமும் பார்த்துப் படகு இறக்குகிறார்கள். மாலையில் பாயை மடித்துக் கயிறு சுருட்டுகிறார்கள். சமையல், பாத்திரம், துப்புரவு எல்லாம் முறை வைத்து வந்தவர்களே செய்கிறார்கள். படகோட்டும் பாடத்தில் அதுவும் சேர்த்தி.

அதே தீவுகளில் முக்குளிக்கவும் கற்றுத் தருகிறார்கள். 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் செய்த மூச்சுக்கருவியில்தான் இன்றைய முக்குளிப்பு தொடங்குகிறது. முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு வாய்க்குழாய்தான். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் கூட வந்தவர் தன் வாயிலிருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு இரண்டு மூச்சு, இவருக்கு இரண்டு மூச்சு. எச்சில் பார்த்தால் சாவுதான். பிறகு இரண்டாவது வாய்க்குழாய் வந்தது, பதற்றத்தில் இருவரும் சாகாமலிருக்க. இப்போதும் பலர் தன் வாயிலிருப்பதைக் கொடுத்துவிட்டு உபரியைத் தான் எடுத்துக்கொள்கிறார்கள். வாயிலிருப்பது வேலை செய்கிறது என்பது நிச்சயமல்லவா?

நம்ம ஊர் டீக்கடையில் இரண்டாவது கிளாஸ் எதுக்கு வச்சான்?

ஆனால் எச்சில் பகிர்வதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தில் சாதி பார்த்து அடிக்கவில்லை. அலை வடிந்ததும் சாதி வந்தது. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். அழுகிய பிணங்களை அள்ள வேறு ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். கடல் எல்லோரையும் சமமாக்கியது. அள்ளுகிற வேலை ஒருத்தருக்கே போனது.

ஆகவே சமத்துவத்தை அலையில் தேடாதீர்கள். கரையேறிய பிறகு தட்டை யார் கழுவுறான், கக்கூஸை யார் கழுவுறான்னு பாருங்கள்.

'காந்தி ஆசிரமத்திலும் முறை வைத்துத்தானே மலம் அள்ளினார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. அள்ளினார்கள். ஆனால் அங்கே அது புனிதமான சேவை. வெளியே பிறப்பால் அள்ளுகிறவனுக்கும் அதையே கடமை என்று உபதேசித்தார்கள். அம்பேத்கர் எதிர்த்தது இதைத்தான். கிளெனானில் பாத்திரம் கழுவுகிறவன் மகாத்மா ஆவதில்லை. கை ஈரமாகிறது, அவ்வளவுதான். வேலை எல்லோருக்கும் வந்தால் அது வெறும் வேலை.

காசு கட்டிச் சில நாள் வருகிறவர்களின் ஏற்பாடு அது என்பதும் உண்மை. வாழ்நாள் முழுக்கத் திணிக்கப்பட்ட இழிவை அது ஒழித்துவிடாது. ஆனாலும் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. தோழர்களே, அதை வைத்து முதலில் நம்ம இயக்க முகாம்களை அளந்து பார்ப்போம். மேடையில் விடுதலை பேசுகிறோம். பின்னால் சமையல்கட்டில், சாப்பிட்ட பாத்திரங்களுக்கு நடுவே, எந்தத் தோழிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? இன்னைக்கு யார் முறை?